அண்ணன் உறங்கிய மெஷின்

காலையில் சோப்பு நீரில் கழுவி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்ட மாஸ்க்கின் உட்புறம், மதியம் பார்த்தபோது பனித்திருந்தது.

சரியாக உதறாமல் மாட்டிவிட்டோம் என்றுதான் மணிமேகலை முதலில் நினைத்தாள். முந்தானை நுனியால் துடைத்தாள். துடைத்த இடம் பளிச்சென்று தெளிந்தது. கையை எடுப்பதற்குள், மூக்கும் வாயும் பொருந்தும் அந்தச் சின்னக் கிண்ணத்தின் அடியிலிருந்து வெண்மை படர்ந்து மேலேறி, பாதி வந்ததும் நின்று, ஓரங்களிலிருந்து சுருங்கி மறைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி படர்ந்தது. மார்கழி விடியலில் பஸ் கண்ணாடியில் முகத்தைச் சாய்த்துத் தூங்குகிறவர்களின் எதிரே கண்ணாடி வெளுத்துத் தெளியுமே, அதே போல.

ஆனால் இது மார்கழி இல்லை. வெளியே சந்தைத் திடலின் தகரக் கூரைகள் வெயிலில் காய்ந்து படபடத்துக்கொண்டிருந்தன. காரிமங்கலத்தில் அந்த நேரத்துக்குத் தெருநாய்கூட நடமாடாது. வீட்டில் அவள் ஒருத்திதான். மகள் சோபனா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணவன் பூவரசன் விடியலிலேயே பஸ் எடுக்கப் போய்விட்டான்.

மாஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி, கட்டிலின் தலைமாட்டு மேசைமேல், ராத்திரி பூவரசனுக்கு மூச்சுக் கொடுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கை கழுவினாள். எதற்காகக் கழுவினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பூவரசனின் குறட்டை அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி. கல்யாணமான புதிதில் அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"பகலெல்லாம் ஓட்டற பஸ்ஸ ராத்திரி வூட்டுக்குள்ளயே ஓட்டிட்டு வந்தர்றீங்க."

"டிக்கெட் எடுக்காம ஏறிப் படுத்திருக்கிறது நீதான?" என்பான் அவன்.

வயது ஏற ஏறக் குறட்டையின் நடுவே ஓர் ஓட்டை விழுந்தது. சத்தம் ஏறிக்கொண்டே போய் உச்சியில் சட்டென்று அறுந்துவிடும். அவ்வளவுதான், எதுவுமே இருக்காது. மார்பு ஏறாது. சுவர்ப்பல்லி சத்தம் கேட்கும், நெடுஞ்சாலையில் லாரி போவது கேட்கும், அவன் மூச்சு மட்டும் கேட்காது. அவளும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவனைப் போல ஒரு பெரிய உறுமலோடு அவன் திரும்பி வருவான். அதற்கப்புறம்தான் அவளும் மூச்சு விடுவாள். எத்தனையோ வருஷம் அவள் தூங்கியது அவன் மூச்சுக்குக் காவல் இருந்த நேரம் போக மிச்சத்தில்தான்.

கண்டக்டர் மாது ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அண்ணன் சொல்ல வேணாம்னாரு. ஆனா சொல்லாம இருக்க முடியல. தொப்பூர் எறக்கம். முன்னாடி கன்டெய்னர் லாரி. நம்ம அண்ணன் ஸ்டியரிங்கப் புடிச்சிட்டே தலைய ஆட்டிட்டு வராரு. பாட்டுக்கு ஆட்டறாருன்னு நெனச்சன். அப்பறம் பார்த்தா பாட்டே ஓடல."

மாதுதான் பூவரசனைத் தோளில் அறைந்து எழுப்பியிருக்கிறான். பஸ் நிறைய ஜனம். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் முதலாளி காதுக்குப் போய்விட்டது. டாக்டரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு வந்தால்தான் ஸ்டியரிங் என்று சொல்லிவிட்டார்.

சேலத்தில் ஒரு ராத்திரி முழுக்க உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். காலையில் டாக்டர் அவளைப் பார்த்துத்தான் பேசினார். "தூக்கத்துல இவருக்குத் தொண்டை மூடிக்குதும்மா. மூச்சு நிக்க நிக்க மூளை எழுப்பி விடுது. ராத்திரி பூரா தூங்குனதா இவரு நெனச்சுக்கறாரு. தூங்கவே இல்ல. மெஷின் வெச்சு காத்தக் குடுத்தா தொண்டை மூடாது. ஒருநாள்கூட விடக் கூடாது."

அப்படியொரு மெஷின் குடும்பத்திலேயே இருந்தது. பூவரசனின் அண்ணன் சென்றாயனுக்கும் இதே கோளாறு. பாப்பாரப்பட்டிப் பக்கம் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தவர். போன தை மாதம், பட்டப்பகலில், மல்பெரித் தோட்டத்தில் தழை அறுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அவர் மனைவி நிர்மலா அதைக் கறுப்புப் பையில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

சேலத்தில் இந்த மெஷின் விற்கும் கடைக்காரப் பெண் காற்றின் அழுத்தத்தைப் பூவரசனுக்குத் தக்கபடி மாற்றி, புது மாஸ்க்கும் புதுக் குழாயும் பொருத்தினாள். "பெட்டி மட்டும்தான் மேடம் பழசு. பட்டன்கூட அமுக்க வேணாம். மாஸ்க்ல மூச்சு விட்டாலே தானா ஓட ஆரம்பிச்சிரும்."

முதல் ராத்திரி மணிமேகலை திடுக்கிட்டு விழித்தாள். வீடு அப்படி அமைதியாக இருந்தது. மெஷின் மெல்ல ஏறித் தணிந்து இரைந்துகொண்டிருக்க, மூக்கிலிருந்து குழாய் நீண்டு கிடக்க, பூவரசன் குழந்தையைப் போலத் தூங்கினான். அவன் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். ஏறியது, இறங்கியது, ஏறியது. அவள் அழுதாள். அவன் பக்கம் ஒண்டிப் படுத்து, விடியும்வரை செத்தவள் மாதிரித் தூங்கினாள்.

"தும்பிக்கையோட படுத்திருக்கிற யானை மாதிரி இருக்கறீங்க," என்றாள் காலையில்.

"யானைக்குக் கரும்பு வேணும்," என்று அவள் கன்னத்தைக் கிள்ளினான். அவன் கண்ணில் அப்படியொரு தெளிவை அவள் பார்த்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. பஸ் சாவி மறுபடி அவன் கைக்கு வந்தது.

மாஸ்க் பனித்ததை அதனால்தான் அவள் அவனிடம் சொல்லவில்லை.

*

இரண்டொரு நாள் கழித்து, அடுப்படியில் தக்காளி அரிந்துகொண்டிருந்தபோது உள்ளறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். குழாயோடு சேர்த்து மாட்டிவைத்திருந்த மாஸ்க் தலையணைமேல் மல்லாந்து கிடந்தது. மெஷினின் சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. இரைச்சல் ஒரே சீராக இல்லை. யாராவது போட்டிருந்தால் எப்படி மூச்சிழுக்கும்போது மேலேறி, விடும்போது தணியுமோ, அப்படி ஏறித் தணிந்தது. நிதானமான, வயிறு நிறையச் சாப்பிட்டவனின் ஆழ்ந்த தூக்கம்.

பட்டனை அமுக்கினாள். நின்றது. அடுப்படிக்குத் திரும்பி இரண்டு தக்காளி அரிந்திருப்பாள். மறுபடி ஓடியது.

சேலத்துக் கடைக்குப் போன் போட்டாள்.

"ஃபேன் காத்து பட்டிருக்கும் மேடம். காத்த மூச்சுன்னு நெனச்சுக்கும். மாஸ்க்கக் கவுத்து வைங்க."

மணிமேகலை அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் ஓடவில்லை. இருந்தாலும், "சரிங்க," என்று சொல்லி வைத்தாள். கவிழ்த்தும் வைத்தாள். அன்று பொழுது சாயும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "என்னம்மா, வூட்டுக்குள்ள ஆள் இருக்கறாங்களா, வெளிய உக்காந்திருக்கிற?" என்று கேட்டபோது, இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

ராத்திரிகளில் அவள் மறுபடி விழித்துக் கிடக்கத் தொடங்கினாள். பூவரசன் தூங்குவான். மெஷின் இரையும். மாஸ்க்கின் முன்புறத்துச் சின்னத் துளைகள் வழியாக அவன் விட்ட மூச்சு சீறலாக வெளியேறும். அந்தச் சீறலை அவள் உற்றுக் கேட்டாள். இழுத்தான், விட்டான். அதற்கப்புறம், அவன் அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், இன்னொன்று. மெதுவானது. கொஞ்சம் கனத்தது. இரண்டு பேர் ஒரே கட்டிலில் படுத்தால் ஒருவர் மூச்சு போகும்போது இன்னொருவர் மூச்சு வருமே, அப்படி மாற்றி மாற்றி. அவள் தன் மூச்சோ என்று நினைத்து அதை அடக்கிப் பார்த்தாள். இரண்டும் தொடர்ந்தன.

வாசனையும் வந்தது. துளைகளிலிருந்து வந்த காற்று அவள் முகத்தில் பட்டபோது, அது பூவரசன் மூச்சின் வாசனையாக இல்லை. பச்சைத் தழை. சுண்ணாம்புத் தூள். ஆயிரக்கணக்கான புழுக்கள் தழையைத் தின்று கழித்த கொட்டகையின் வெதுவெதுப்பான, புளித்த நெடி. காரிமங்கலத்தில் அவர்கள் தெருவில் யாரும் பட்டுப்புழு வளர்ப்பதில்லை.

"தூக்கம் எப்படி இருக்குதுங்க?" காபியைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"சொர்க்கம். கெனாகூட வர்றதில்ல." டம்ளரைச் சுழற்றினான். "ஒண்ணுதான். பக்கத்துல யாரோ தூங்கற மாதிரியே இருக்குது."

"நான்தான் தூங்கறன்."

"நீ இந்தப் பக்கம். அது அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் மேசையும் மெஷினும்தான் இருந்தன. அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். 

நாளாக ஆக அவன் படுக்கும் விதம் மாறியது. எப்போதும் மல்லாந்து கிடக்கிறவன், இடது பக்கம் ஒருக்களித்து, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு படுத்தான். அது யார் படுக்கும் விதம் என்று அவளுக்குத் தெரியும். குலதெய்வப் பொங்கலுக்குப் போனால் கோயில் மரத்தடியில் சென்றாயன் அப்படித்தான் படுத்துக் கிடப்பார். இரண்டு மூச்சில் ஒன்று மெலிந்துகொண்டே வந்ததையும் அவள் கவனித்தாள். மெலிந்தது பூவரசனுடையது.

ஒரு சாயங்காலம் மெஷினைத் தூக்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். "ரிப்பேர். சேலத்துல குடுத்திருக்கன். நாளைக்கு வந்திரும்," என்று பொய் சொன்னாள்.

அன்று அவன் மல்லாந்து படுத்தான். குறட்டை வந்தது. பழைய குறட்டை. அவளுக்கு அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஏறியது, ஏறியது, அறுந்தது. அவள் காத்திருந்தாள். வரவில்லை. தோளை உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். உதடு கறுத்தது. "என்னங்க. என்னங்க." அவன் தலை அவள் கையில் கனத்தது. பித்துப் பிடித்தவள் போல ஓடிப் பீரோவைத் திறந்து, மெஷினைத் தூக்கி வந்து, செருகி, மாஸ்க்கை அவன் முகத்தில் அழுத்தினாள்.

மெஷின் ஓடியது. அவன் மார்பு ஏறியது.

ஆனால் பட்டனை அவள் அமுக்கவில்லை. மாட்டியபோது அவனும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கவில்லை. மாஸ்க்கில் யாராவது மூச்சு விட்டால்தான் அது ஓடும்.

அவள் தரையில் உட்கார்ந்து விடியும்வரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தால் அவன் செத்துப்போவான். போட்டால் கொஞ்சங் கொஞ்சமாக அவன் இல்லாமல் போவான். இதை யாரிடம் சொல்வது? அவனிடம் சொன்னால் மெஷினை வீசிவிடுவான். வீசிவிட்டுப் படுப்பான். அல்லது பஸ்ஸை எடுத்துக்கொண்டு தொப்பூர் இறங்குவான்.

அவன் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் அவளும் பாப்பாரப்பட்டிக்குக் கிளம்பினாள்.

*

நிர்மலா கொட்டகை வாசலில் தழைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மணிமேகலையின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.  உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். சுவரில் மாலை போட்ட சென்றாயன் படம். கண்ணாடியில், மூக்கைச் சுற்றி, வட்டமாக ஒரு தடம்.

"ஓடுதா?" என்றாள் நிர்மலா.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

நிர்மலா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கருமாதிக்கு மொத ராத்திரி, படையல் போட்டம். களி, கருவாட்டுக் கொழம்பு, பொகையில, அவரு வாட்ச்சு, வேட்டி, எல்லாம் வெச்சம். அத்தைதான் சொன்னாங்க. எம் புள்ளைக்கு அந்த மெஷின் இல்லாட்டிப் பொட்டுத் தூக்கம் வராதே, அதையும் வைங்கடின்னு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. சும்மா வெச்சா என்ன புண்ணியம்னு கரண்ட்டுல சொருகி, மாஸ்க்க அவரு படத்து மூஞ்சில பொருந்தற மாதிரி கட்டிவுட்டன். கொஞ்ச நேரத்துல ஓட ஆரம்பிச்சுது. எல்லாரும் அழுதாங்க. அவரே வந்து படுத்துக்கிட்டாருன்னு."

"அப்பறம்?"

"விடியக்கால எல்லாரும் ஆத்தங்கரைக்குப் போனம். சூடம் காட்டி, தேங்கா ஒடச்சு, போங்க, திரும்பிப் பாக்காதீங்கன்னு வழியனுப்பிட்டு வந்தம். வூட்டுக்குள்ள நொழஞ்சா மெஷின் ஓடிட்டு இருக்குது. நிறுத்த யாருக்கும் ஞாபகமில்ல." நிமிர்ந்தாள். "தூங்கற மனுசன எப்படி மேகலா வழியனுப்பறது? நாங்க ஆத்தங்கரையில யாருமில்லாத எடத்தப் பாத்து போங்க போங்கன்னு சொல்லிட்டு இருந்திருக்கறம். அவரு இங்க நல்லாத் தூங்கிட்டு இருந்திருக்கறாரு."

கொட்டகையில் புழுக்கள் தழை தின்னும் சத்தம் தூறல் போல விடாமல் கேட்டது.

"எனக்குப் பயமே வரல. ராத்திரி அது ஓடும். பக்கத்துல படுத்துக்குவன். அவரு செத்ததுக்கப்பறம் எனக்குத் தூக்கம் வந்ததே அந்தச் சத்தத்துலதான்."

"தெரிஞ்சும் ஏங்க்கா குடுத்தீங்க?"

"கொழுந்தனாருக்கு மூச்சு நிக்குதுன்னு சொன்னீங்க. எப்படி இல்லைங்கறது? எனக்கு இதுதான் இருக்குதுன்னு வெச்சுக்கிட்டு, அங்க ஒரு உசுரு போனா?" நிர்மலா சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். "ஆள் போட்டா ஆள் மூச்சுதான் இருக்கும்னு நெனச்சன்."

 பிறகு நிர்மலா அவள் கையைப் பிடித்தாள்.

"எழுப்பிட்டு அனுப்பணும். அவ்வளவுதான் விட்டுப்போன வேல. மத்தியானம் தனியா ஓடுமில்ல, அப்பப் பேரு சொல்லாம, மொறை சொல்லி மாமான்னு கூப்புடு. பொழுது விடிஞ்சிருச்சு, எல்லாரும் காத்திருக்காங்கன்னு சொல்லு. எந்திரிச்சதும் போங்கன்னு சொல்லு. ஆனா ஒண்ணு. தம்பி அத மாட்டிட்டுப் படுத்திருக்கறப்ப மட்டும் கூப்புட்டராத."

"ஏங்க்கா?"

"யாரு எந்திரிப்பாங்கன்னு எப்படித் தெரியும்?"

*

திரும்பும் பஸ்ஸில் மணிமேகலைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனம் லேசானது. நாளை மத்தியானம். அவன் டியூட்டிக்குப் போனதும். ஒரு சூடம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தெருவில் இறங்கி நடந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. படியில் அவன் செருப்பு.

போனை எடுத்துப் பார்த்தாள். மாதுவின் அழைப்பு தவறியிருந்தது. கூப்பிட்டாள்.

"அக்கா, அண்ணன் வந்துட்டாரா? ஒடம்பு முடியலன்னு மதியமே வண்டிய வேற டிரைவர்கிட்ட மாத்தி வுட்டுட்டுக் கெளம்பிட்டாருக்கா. தூக்கம் தூக்கமா வருதுன்னாரு. ஒண்ணும் பயமில்லக்கா. என்ன..."

"என்ன மாது?"

"எறங்கறப்ப என்னப் பாத்து, நீ யாரு ஊட்டுப் பையன்னு கேட்டாரு. கேலி பண்றாருன்னு சிரிச்சன். அவரு சிரிக்கல."

அவள் செருப்போடு உள்ளே ஓடினாள்.

உள்ளறையில் ஜன்னல் மூடியிருந்தது. தழை நெடி மூச்சை அடைத்தது. பூவரசன் இடது பக்கம் ஒருக்களித்து, கைகளை முழங்காலுக்கு நடுவே செருகி, மாஸ்க் போட்டுப் படுத்திருந்தான். மெஷின் ஏறியது, தணிந்தது. ஒரே மூச்சு. நிதானமான, கனத்த மூச்சு.

இன்னொன்றைத் தேடினாள். அந்த இடைவெளியில் காதை வைத்தாள். இல்லை.

மார்பில் கை வைத்தாள்.

மார்பு அசையவில்லை.

மூச்சு மெஷினில் இருந்தது. குழாயில் இருந்தது. அவனிடம் இல்லை.

"என்னங்க." தோளை உலுக்கினாள். "என்னங்க, நான் வந்துட்டன். கண்ணத் தொறங்க." கன்னம் சில்லிட்டிருந்தது. மாஸ்க்கின் வாரைப் பிடித்து இழுக்கப் போனாள். முந்தைய ராத்திரி கறுத்த உதடு கண்ணில் வந்தது. விட்டாள். மறுபடி பிடித்தாள். விட்டாள்.

எடுத்தால் செத்துப்போவான்.

இப்படியே விட்டால்?

நிர்மலா சொன்னது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் அவள் உள்ளங்கைக்குக் கீழே அந்த மார்பு அசையாமல் கிடந்தது. நாளை மத்தியானம்வரை அது தாங்காது.

"மாமா," என்றாள்.

மெஷின் ஏறியது. தணிந்தது.

"மாமா, எந்திரிங்க. பொழுது விடிஞ்சிருச்சு. எல்லாரும் காத்திருக்கறாங்க." முந்தானையில் முடிந்திருந்த சூடத்தை அவசரமாக அவிழ்த்தாள். கீழே விழுந்தது. தேடவில்லை. "வழியனுப்ப வந்திருக்கறம் மாமா. தூங்கினது போதும். எந்திரிச்சுப் போங்க. திரும்பிப் பாக்காதீங்க."

மெஷின் தடுமாறியது.

கண் திறந்தது.

கை முழங்காலுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது. மாஸ்க்கைத் தானே கழற்றியது. வாரைச் சுருட்டித் தலையணைமேல் பதனமாக வைத்தது. உடம்பு எழுந்து உட்கார்ந்தது. மார்பு ஏறியது, இறங்கியது.

"என்னங்க," என்று அவள் சிரிப்பும் அழுகையுமாக அவன் கையைப் பிடிக்கப் போனாள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். தலை குனிந்தான். வேட்டியை இழுத்துச் சரிசெய்து எழுந்து, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அவள் நின்ற அந்தக் குறுகிய வழியில், அவள்மேல் பட்டுவிடாமல் சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்றான். தம்பி பெண்டாட்டிக்கு எதிரே வந்தால் ஒரு மூத்தவர் எப்படி ஒதுங்குவாரோ, அப்படி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரொம்ப நேரம் தூங்கிட்டனா தாயி?"

பூவரசனின் குரல்தான். பூவரசன் அவளை ஒருநாளும் தாயி என்று கூப்பிட்டதில்லை.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் மேசை இடித்தது. வழி கிடைத்ததும் அவன் போர்வையை எடுத்து நான்காக மடித்துக் கால்மாட்டில் வைத்தான். நடந்தான். நடுக்கூடம். வாசல். படி. படியில் கிடந்த செருப்பைப் போடவில்லை.

"என்னங்க. நில்லுங்க. என்னங்க."

வாசலிலிருந்து பதில் இல்லை.

தலையணையிலிருந்து வந்தது.

குறட்டை. அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்ட குறட்டை. மெஷின் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் திணறி இரைந்தது. ஏறியது. ஏறியது. அறுந்தது.

அவள் வாசலைப் பார்த்தாள். பூவரசனின் முதுகு தெருமுனையில், சந்தைத் திடலை ஒட்டி, நெடுஞ்சாலைப் பக்கமாக நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல். அவள் சொன்னபடியே.

ஓர் அடி வாசல் பக்கம் எடுத்து வைத்தாள். குழாய் காலில் மாட்டி இழுபட்டது. மேசை அசைந்தது. சுவரில் பிளக் பாதி கழன்று தொங்கியது. பச்சைத் திரை மங்கியது.

பாய்ந்தாள். மண்டியிட்டு இரண்டு கையாலும் பிளக்கைச் சுவரோடு சேர்த்து அழுத்தினாள். திரை தெளிந்தது. தலையணையில் பெரிய உறுமலோடு மூச்சு திரும்பி வந்தது.

கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் பிளக் தொய்ந்தது. தெருவில் காலடி தேய்ந்துகொண்டே போனது. பிறகு கேட்கவில்லை. கதவு விரியத் திறந்தபடி கிடந்தது. வெளிச்சம் போய்விட்டது.

மூச்சு ஏறியது. அறுந்தது.

அவளும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பச்சை வெளிச்சத்தில் கட்டில் மட்டும் தெரிந்தது. யாரும் இல்லாத தலையணையின் நடுவே, மாஸ்க்குக்கு அடியில், ஒரு தலையின் அளவுக்குப் பள்ளம் விழுந்து, மெல்ல அவள் பக்கமாகத் திரும்பியது.